கறவையின் கணக்கும் கம்பனியின் கணக்கும்

பசுவின் உடலில் இயல்பாகவே சுரக்கும் ஓமோன் ஒன்றை ஊசிமூலம் மேலும் சிறிது சேர்ப்பதனால் பசுவுக்கு வரும் கேடு யாது என்று வினவியவர்கள், விஞ்ஞானத்தின் பெயராலேயே அவ்வினாவை எழுப்பினர். அதற்கான விடை அவர்தம் விஞ்ஞானத்துக்குள்ளேயே கிடந்தது. அதனைப் படித்தவர்கள் பலர். உரத்துச் சொன்னவர்கள் சிலரே.

கன்று ஈன்ற பசுவின் பாலளவு நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் உச்சத்தை அடைகிறது. அது உண்ணும் தீனியின் அளவோ பத்தாம் வாரத்துக்குப் பின்னரே உச்சத்தைத் தொடுகிறது. இவ்விடைவெளியைப் பசு தன் உடலைக் கரைத்தே நிரப்புகிறது. நாளொன்றுக்கு 40 லீற்றர் கறக்கும் பிரீசியன் பசுவில், உடலைப் பேணத் தேவையான சக்தியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு பாலில் வெளியேறுகிறது. பாற்சர்க்கரையை ஆக்குவதற்கு மாத்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் குளுக்கோசு வேண்டும். இத்தேவைக்கு உடல் முழுவதையும் பணியவைப்பவை ஓமோன்களே. குருதியில் இன்சுலின் குறைகிறது. தசையும் கொழுப்பிழையமும் குளுக்கோசைப் பெறும் உரிமையை இழக்கின்றன. மடி குளுக்கோசைப் பெறுவதற்கு இன்சுலினின் தயவை வேண்டி நிற்பதில்லை. ஆகவே அது தன் பங்கைக் குறைவின்றி எடுத்துக்கொள்கிறது. கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோன் குருதியில் உயர்கிறது. ஆயின் ஈரலில் அதனை ஏற்கும் வாங்கிகள் குறைந்துவிடுவதனால், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி வீழ்ச்சியடைகிறது. வளர்ச்சி ஓமோனுக்குக் கடிவாளமாக அமைவது அக்காரணியே. கடிவாளம் தளரவே கொழுப்பு மேலும் கரைகிறது. கொழுப்பமிலங்கள் ஈரலில் வந்து குவிகின்றன. ஈரலால் தாங்கவியலாதபோது கீற்றோன் நோய் தோன்றுகிறது. சூலகம் காத்திருக்கிறது. மூளையிலிருந்து வரவேண்டிய சமிக்ஞைகள் அருகிவிடுவதனால் சூல் வெளிப்படுதல் பிந்துகிறது.

இஃது இயற்கையின் பிழையன்று. கன்றைக் காக்கத் தாய் தன்னைக் கரைப்பது பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவாகும். பிழை, கன்று குடிக்கக்கூடியதிலும் பன்மடங்கு பாலை நிரந்தர நியதியாக்கியதில் தொடங்குகிறது.

1937இல் சோவியத் ஆய்வாளர் அசிமோவும் குறூசும் கபச்சுரப்பிச் சாற்றை ஊசியிட்டுப் பால் பெருகுவதைக் கண்டனர். உயிரியற் றொழில்நுட்பம் அவ்வோமோனைப் பற்றீரியாவைக் கொண்டு பெருமளவில் ஆக்க வழிசெய்தபின், மொன்சாண்டோ நிறுவனத்தின் மருந்துக்கு 1993இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதி வழங்கியது. பாற் பஞ்சமா அந்நாட்டை வாட்டிற்று? 1986இலும் 1987இலும் அதே நாட்டின் அரசாங்கம், பால் மிஞ்சிவிட்டதென்று, ஏறத்தாழ 14,000 பண்ணையாளருக்குப் பணம் கொடுத்து அவர்தம் மந்தைகளைக் கொலைக்களத்துக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பச் செய்திருந்தது. ஒரு கை பசுவைக் கொல்லக் கூலி கொடுத்தது. மறு கை எஞ்சிய பசுவிடம் இன்னும் கறப்பதற்கு ஊசி கொடுத்தது.

ஈன்றபின் ஒன்பதாம் அல்லது பத்தாம் வாரத்திலேயே முதலாவது ஊசியை ஏற்றுமாறு அம்மருந்தின் அறிவுறுத்தல் கூறியது. இதனைக் கருணையாகக் காட்டியோரும் உளர். உண்மை யாதெனில், சக்திப் பற்றாக்குறையில் வாடும் பசு ஊசிக்குப் போதிய பலனைத் தருவதில்லை. பற்றாக்குறை நீங்கி, இழந்த கொழுப்பை மீட்டு, மீண்டும் சினைப்படப் பசு ஆயத்தமாகும் வேளையிலேதான் ஊசி வந்து, தேறிய சக்தியை மறுபடியும் மடியை நோக்கித் திருப்புகிறது. தீனி உண்ணும் அளவு அதற்கு ஈடாக உயரச் சில வாரங்கள் செல்லும். அதுவரை பழைய கடன் புதுப்பிக்கப்படுகிறது.

பாலின் ஊட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற வாதம் உண்மையே. ஆனால் அது வேறொரு வினாவுக்கான விடை. குடிப்பவருக்குத் தீங்கில்லை என்று நிறுவிவிட்டுக் கறக்கப்படுவதற்கும் தீங்கில்லை என்று முடிவுகட்டுவது எவ்வகைத் தருக்கம்? கனடாவில் மிருக வைத்தியர் குழுவொன்று கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பால் 11 முதல் 15 சதவீதம் வரை கூடியதையும், மடிநோய் ஏறத்தாழ 25 சதவீதமும், நொண்டுதல் ஏறத்தாழ 50 சதவீதமும், சினைப்படாதிருக்கும் அபாயம் ஏறத்தாழ 40 சதவீதமும் உயர்ந்ததையும் கண்டது. 1999இல் கனடா அனுமதி மறுத்தது பசுவின் நலத்தை முன்னிட்டே. ஐரோப்பியச் சமூகமும் 2000ஆம் ஆண்டிலிருந்து அதனை நிரந்தரமாகத் தடைசெய்தது. 2008இல் மொன்சாண்டோ அவ்வியாபாரத்தை விற்றுவிட்டு விலகிற்று.

எனினும் தடைசெய்தோர் தம் கைகள் தூயன என்று மகிழ்தற்கில்லை. பல தசாப்தங்களாகப் பாலளவையே பெரிதெனக் கொண்டு பொலிகாளைகளைத் தெரிந்தெடுத்து வந்ததனால், கூடிய வளர்ச்சி ஓமோனும் குறைந்த இன்சுலினும் கொண்ட பசுக்களே உலகெங்கும் பரம்பின. ஊசி செய்ததை விந்துக் குழாய் ஓசையின்றிச் செய்துவருகிறது. ஊசியையாவது நிறுத்திவிடலாம், பிறப்பிலேயே வந்துவிட்ட ஓமோன் ஒழுங்கை எச்சட்டத்தால் நிறுத்துவது?

இவ்வகைப் பசுக்களே 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தன. வந்தவற்றுட் பெரும்பாலானவை சினை நாகுகள். முதலீற்று நாகுவுக்குத் தன் உடல் வளர்ச்சிக்கும் சக்தி வேண்டும், பாலுக்கும் வேண்டும். வெப்பமோ உண்ணும் விருப்பைக் குறைக்கும். வாக்களிக்கப்பட்ட பால் கிடைக்கவில்லை, பசுக்கள் நோயுற்று இறக்கின்றன, சினைப்படுவதில்லை என்று கடன்பட்ட விவசாயிகள் முறையிட்டனர். நோய்க்கிருமிகள் பற்றிய குற்றச்சாட்டும் எழுந்தது; அது தனியே ஆராயப்பட வேண்டியது. ஆனால் கிருமி ஒன்றேனும் இல்லாதிருப்பினும், வைக்கோலையும் வீதியோரப் புல்லையும் நம்பியிருக்கும் தொழுவத்தில் அப்பசுவின் முதல் அறுபது நாட் கணக்கு எவ்வாறு நேர்ப்படும்?

நாட்டுப் பசுவைப் போற்றிப் பாடுவது இதற்கு மறுமொழியாகாது. நாளுக்குச் சில லீற்றர் பாலைக்கொண்டு பால்மா இறக்குமதியைக் குறைத்தல் இயலாது. வேண்டுவது வேறு. இறக்குமதிப் பத்திரத்தில் பாலளவு எழுதப்படும் பத்திக்குப் பக்கத்தில் வேறு பத்திகளும் வேண்டும்: அப்பாலுக்குரிய தீனி எத்தனை கிலோகிராம், அதன் விலை எவ்வளவு, ஈன்றபின் எத்தனை நாளில் மறுபடி சினைப்படும், எத்தனை ஈற்றுவரை அப்பசு தொழுவத்தில் நிற்கும். அப்பத்திகளை வெறுமையாக விட்டுக் கையொப்பமிடும் அதிகாரி எவரும் அக்கடனைக் கட்டப்போவதில்லை. அதைக் கட்டுவது, அதிகாலையில் எழுந்து, விழுந்து கிடக்கும் பசுவின் தலையைத் தூக்கிப் பார்க்கும் குடும்பமே.