அன்னமய்யா நோட்ஸில் இல்லை

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' பகுதி ஒன்று உண்டு. களைத்துக் கிடக்கும் வழிப்போக்கனுக்கு அன்னமய்யா நீச்சுத் தண்ணீர் கொடுத்து, கம்மஞ்சோறு சாப்பிடவும் அழைத்துப் போகிறான். நம் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் நெடுவினா விடை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசா, பிகாரிலிருந்து வந்தவர்கள் அடுத்த வீட்டில் குடியிருக்க, 'முன்பின் தெரியாதவனுக்கு ஏன் சோறு போட்டார்கள்?' என்று ஆசிரியர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே போதும். ஒருவன் 'ஏமாற்றிவிட்டால்?' என்பான், இன்னொருத்தி மல்லுக்கு நிற்பாள். அந்தச் சண்டை எந்த நோட்ஸிலும் கிடைக்காது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகம் தந்தது, நல்லது. ஆனால் இப்படிப் பேசப் பாடவேளை? ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்: வாரம் ஒரு பாடவேளை, மதிப்பெண் இல்லாத இலக்கியப் பேச்சுக்கென்று, கால அட்டவணையிலேயே. அதைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்கக் கூடாது.