தூங்கும் சிப்பு, சொட்டும் பின்னு!



ப்ராஜெக்டில் எல்.இ.டி. எரிந்ததும் "ஓடுதுடா!" என்று கைதட்டிவிட்டு ரெக்கார்டு எழுத உட்கார்ந்து விடுகிறோம். ஓடாமல் சும்மா இருக்கும்போது அது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று யாராவது பார்க்கிறோமா? அதை அளக்காத ப்ராஜெக்ட் பாதி ப்ராஜெக்ட்தான் என்பது என் கருத்து.

கதவு அலாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏடிமெகா328பி சிப்பு, ஒரு ரீட் ஸ்விட்ச், ஒரு சி.ஆர்.2032 செல். வாட்ச்டாக், பிரவுன்-அவுட் இரண்டையும் நிறுத்தி பவர்-டவுனில் தூங்க வைத்தால் சிப்பு இழுப்பது சாதாரணமாக 1 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. செல்லில் இருப்பதோ சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. வருஷக்கணக்கில் வரணும். ஆனா வராது! ஏன்?

கதவு மூடியிருக்கும்போது காந்தம் பக்கத்தில் இருப்பதால் ஸ்விட்ச் பின்னைத் தரையோடு சேர்த்தே வைத்திருக்கும். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம்தான். 30 என்று வைத்தால், 3 வோல்ட்டுக்கு 100 மைக்ரோ ஆம்பியர் ராப்பகலாக ஒழுகும். 2,200 மணி நேரம், அதாவது மூன்றே மாதத்தில் செல் காலி! உள் புல்-அப்பை நிறுத்திவிட்டு வெளியே 1 மெகா ஓம் போட்டால் ஒழுகல் 3 மைக்ரோ ஆம்பியராகக் குறையும். செலவு ஒரே ஒரு ரெசிஸ்டர்!

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. எதோடும் சேராமல் அந்தரத்தில் விட்ட இன்புட் பின்னில் மேல், கீழ் டிரான்சிஸ்டர் இரண்டும் அரைகுறையாகத் திறந்து கரண்ட் வீணாகலாம். அந்தப் பின்னுக்கு உள் புல்-அப்பே போதும். வெளியே வழியில்லாததால் ஒழுகாது. அடுத்தது, சென்சாரின் சப்ளையை நிறுத்திவிட்டு சிக்னல் பின்னை மட்டும் 'ஹை'யில் விடுவது. சென்சாருக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகக் கரண்ட் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். சப்ளையை நிறுத்தும் முன் பின்னை 'லோ' ஆக்குங்கள்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். குழாய் சொட்டினால் அம்மா ராத்திரியிலும் எழுந்து குடம் வைப்பாங்க. நாம் செய்யும் பொருள் நாளைக்கு அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போகும். மூணு மாசத்துக்கு ஒரு தரம் செல் மாத்தணும்னா பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "பாலிடெக்னிக் பையன் செஞ்சது இவ்வளவுதான்" என்ற பேச்சு நமக்குத் தேவையா?

ஆகவே ஒவ்வொரு ரெக்கார்டிலும் 'உறக்க நிலை மின்னோட்டம்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஆசிரியர்கள் அதை வைவாவில் கேட்க வேண்டும். மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர்களை லேபுக்குக் கேட்டு வாங்க நம் சங்கம் முன்வர வேண்டும்.

எரியும் எல்.இ.டி.யை எல்லோரும் பார்ப்பார்கள். ஒழுகும் பின்னை நாம்தான் பார்க்கணும், நண்பர்களே!