கூரை அமைப்பவருக்கும் ஒரு சான்று வேண்டும்

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போது நாம் எத்தனை தாள்களைச் சுமந்து செல்கிறோம்! நிலப்பத்திரம், வில்லங்கச் சான்று, மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம், பொறியாளர் கையொப்பமிட்ட மதிப்பீடு, வருமானச் சான்று எனக் கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. ஆனால் அத்தாள்கள் எதிலும் ஒருவருடைய பெயர் மட்டும் இருப்பதில்லை. நம் தலைக்கு மேல் கூரையை அமைத்துத் தரப்போகும் மேஸ்திரியே அவர்.

விழிஞ்ஞத்தில் வீடு கட்டுவோர் இதைச் சிறு விடுபாடாகக் கருதிவிட முடியாது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம் அவ்வூரின் முகத்தை மாற்றி வருகிறது. அங்குள்ள பாரந்தூக்கிகளை இயக்கும் உள்ளூர்ப் பெண்கள் முறையான பயிற்சி பெற்ற பின்னரே அப்பணியில் அமர்ந்தனர். அதே ஊரில் ஒரு வீட்டின் மேல்தளத்தைப் போடுவதற்கு எவரும் எத்தேர்விலும் தேற வேண்டியதில்லை.

மற்றத் தொழில்களில் நிலைமை வேறு. வீட்டுக்கு மின்கம்பி இழுப்பவர், கேரள மாநில மின் உரிம வாரியம் நடத்தும் தேர்வில் தேறி அனுமதிச் சான்று பெற வேண்டும். வரைபடத்தில் கையொப்பமிடுபவர் 2019ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இவ்விருவருக்கும் இடையில் நின்று, கம்பி கட்டி, கலவை கொட்டித் தளம் அமைப்பவரின் திறமையை மட்டும் எவரும் சோதிப்பதில்லை. அவரை நமக்கு அறிமுகப்படுத்துவது அண்டை வீட்டாரின் நற்சொல் ஒன்றே.

அந்த நற்சொல் பொய்யன்று. ஆனால் போதுமானதும் அன்று. புதிதாகப் போட்ட தளம் எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். குறை வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவுகிறது. கம்பியை அடைந்ததும் அது துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்து, அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. நம் கடன் தவணைகள் முடிவதற்கு முன்பே இது நேரக்கூடும்.

இதைத் தடுக்கும் அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000) அதை எண்களாகவே தந்திருக்கிறது. கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காப்பு வேண்டும். கலவை எம் 30 தரத்திற்குக் குறையக்கூடாது. சிமென்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் நீர் சேர்க்கலாகாது. சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாளும், கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாளும் தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்குப் பின்னரும், அதற்கு மேற்பட்டதன் முட்டுகளைப் பதினான்கு நாளுக்குப் பின்னரும் எடுக்கலாம். ஒரு மேஸ்திரியைத் தேர்வு செய்ய வினாத்தாள் வேண்டுமானால் இவையே முதல் வினாக்கள். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலைக் கண்ட கரைக்கு இன்னொரு வினாவும் உண்டு: தகரத்தையும் ஓட்டையும் காற்று பெயர்த்தெடுக்காதபடி எவ்வாறு பிணைப்பீர்கள்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கூரை ஒப்பந்தக்காரர் தேர்வெழுதியே உரிமம் பெறுகிறார். அத்தேர்வில் கூரைத் தொழில் ஒரு பகுதி. வணிகமும் நிதியும் இன்னொரு பகுதி. உரிமம் கேட்பவரின் கடன் வரலாறும் பார்க்கப்படுகிறது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பாதியில் நின்றுபோன வீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் கலவைக் கோளாறைவிடக் கணக்குக் கோளாறே இருக்கும். ஒரு வீட்டின் முன்பணத்தை மற்றொரு வீட்டின் கம்பிக்குச் செலவிடும் மேஸ்திரி கெட்டவர் அல்லர். அவருக்குக் கணக்கெழுத எவரும் கற்றுத்தரவில்லை என்பதே உண்மை.

"முப்பது ஆண்டுகள் கைப்பழக்கத்தால் கற்றவரை வினாத்தாள் முன் உட்கார வைப்பது முறையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதத் தெரியாத நல்ல கொத்தனாரை வெளியே தள்ளி, எழுதத் தெரிந்த அரைகுறைக்குச் சான்று தரும் தேர்வு நமக்கு வேண்டாம். தேர்வு அவரவர் மொழியில், வேலையிடத்திலேயே, செய்துகாட்டும் முறையில் அமைய வேண்டும். சித்தாளுக்கும் உதவியாளுக்கும் அது தேவையில்லை. தம் பொறுப்பில் தளம் போட ஒப்புக்கொள்பவருக்கு மட்டும் போதும்.

இதற்கான தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் கொத்து வேலையும் ஒன்று. ஐந்து முதல் ஏழு நாள் வரை அடிப்படைப் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, சான்றிதழ், கருவிகளுக்கு 15,000 ரூபாய், பின்னர் 5 விழுக்காடு வட்டியில் பிணையில்லாக் கடனாக முதற்கட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

ஆயினும் கேரளத்தில் ஒரு தடை உண்டு. அங்கு ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 2022-23இலேயே 850 ரூபாயைத் தாண்டிவிட்டதை ரிசர்வ் வங்கியின் கையேடு காட்டுகிறது. பயிற்சிக்கு வருபவர் நாளொன்றுக்குக் குறைந்தது 350 ரூபாயை இழக்கிறார்; ஏழு நாளில் ஏறத்தாழ 2,500 ரூபாய். குடும்பம் நடத்தும் ஒருவருக்கு இது சிறிய தொகையன்று. பல லட்சம் கடன் வாங்கி வீடு கட்டும் நமக்கோ இது வாசற்கதவின் பூட்டுக்கு ஆகும் செலவு.

ஆகவே அத்தொகையை நாமே ஏற்போம் என்பதே நம் வேண்டுகோள். தளம் போடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மேஸ்திரியிடம் பேசி, அவர் பயிற்சிக்குச் செல்லும் நாட்களின் கூலியிழப்பை ஈடுசெய்யலாம். காப்பின் அளவு, கலவையின் தரம், முட்டு எடுக்கும் நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடலாம். கட்டுமானத்தின் படிநிலை பார்த்துக் கடன் வழங்கும் வங்கிகளும், தளத்திற்கான தவணையின்போது "போடுபவர் யார்? அவர் பெற்ற பயிற்சி என்ன?" என்று கேட்கத் தொடங்கலாம்.

அரசு இதை விதியாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்று பெற்றவரைத் தேடிச் சென்று கூடுதல் கூலி தர நாம் முன்வந்தால், தேர்வுக்குத் தயாராக மேஸ்திரிகளும் முன்வருவார்கள். நம் கடன் முடியும் நாளிலும் கூரை உறுதியாக நிற்க வேண்டும். அதை அமைத்தவரின் பெயரும் நம் வீட்டுக் கோப்பில் இருக்கட்டும்.