கதீட்டர் தொற்று க்வெரிகள்: சங்கத்தின் நிலைப்பாடு

சிறுநீர்க் கதீட்டர் தொற்று சந்தேகப்படும் சார்ட்டுகளில் டாக்டருக்கு க்வெரி அனுப்பக் கூடாது, 'என்39.0' மட்டும் போட்டு மூட வேண்டும், மீறினால் குவாலிட்டி மதிப்பெண்ணிலும் அதன் வழியே சம்பளத்திலும் பிடித்தம் என்று ஒரு நிறுவனம் தன் இன்பேஷண்ட் கோடர்களுக்குச் சொல்லியிருக்கிறது. செயற்குழு இதை ஏற்கவில்லை.

நமக்குத் தினமும் வரும் சார்ட்தான். அட்மிஷன் அன்றே ஃபோலி போட்டதாக நர்ஸ் குறிப்பு. நான்காம் நாள் காய்ச்சல், சிறுநீர் கலங்கல். கல்ச்சரில் ஈ.கோலை, ஒரு லட்சம் காலனிக்கு மேல். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியது 'யூ.டி.ஐ., செஃப்ட்ரியாக்சோன்' என்பதோடு சரி. கதீட்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை வைத்துக் கோடர் தானாக 'டி83.511ஏ' போட முடியாது. படுக்கைப்புண் எந்த நிலை என்பதை நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம். தொற்று கதீட்டரால் வந்ததா என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். ஐ.சி.டி.-10-சி.எம். வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது. தெளிவில்லையென்றால் கேள் என்பதும் அதே வழிகாட்டிதான். கேட்டவர் சம்பளத்தில் கைவைக்க எந்த வழிகாட்டி சொன்னது?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வந்த கதீட்டர் தொற்றுக்கு 2008 அக்டோபர் முதல் மெடிகேர் கூடுதல் பணம் தருவதில்லை. பி.ஓ.ஏ.வில் 'என்' விழுந்தால் அந்தக் கோட் டி.ஆர்.ஜி.யை உயர்த்தாது. வெறும் 'என்39.0' போனால் அந்தத் தடை இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் 2009ஆம் ஆண்டு பில்களை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், 7,81,343 அட்மிஷன்களில் 25இல் மட்டுமே இந்த விதியால் பணம் குறைந்திருந்தது. தொற்று அவ்வளவு அரிதல்ல. பில்லில் அது ஏறவில்லை, அவ்வளவுதான். நாளை மெடிகேர் ஆடிட் வந்தால் சார்ட்டில் இருப்பது சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ இருக்கும் ஒரு கோடரின் லாகின். க்வெரி வேண்டாம் என்ற மேலாளரின் பெயர் அங்கே இருக்காது.

க்ளையன்ட் தரும் நேரக்கெடுவில் நிர்வாகங்களுக்குள்ள சிரமத்தைச் சங்கம் மறுக்கவில்லை. டாக்டரை ஒரு பதிலை நோக்கித் தள்ளும் க்வெரியை நாங்களும் ஆதரிக்கவில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு என்.எச்.எஸ்.என்.னுக்குத் தரும் கணக்கு வேறு வரையறையில் எடுக்கப்படுவது. அதோடு ஒத்துப்போகாததைக் கோடரின் பிழையாக எழுதுவது, பொதுவாக, சரியல்ல.

ஆகவே: முறையான க்வெரிக்காக நிறுத்திவைத்த சார்ட் அன்றைய டார்கெட்டில் சேரக் கூடாது. க்வெரி வேண்டாம் என்பவர் அதைத் தன் பெயரில் எழுத்தில் தர வேண்டும். இதுவரை பிடித்த தொகையை, இயன்றவரை அடுத்த சம்பளத்திலேயே, திருப்பித் தர வேண்டும். "இயன்றவரை" என்ற சொல்லைச் சேர்ப்பதற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு இருந்தது என்பதையும் பதிவுசெய்கிறோம். இத்தகைய சார்ட்டுகளை எடுக்க மறுப்பது குறித்து ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. அதனால் இப்போதைக்கு அப்படி அறிவுறுத்தவில்லை.

பிடித்தம் நடந்த உறுப்பினர்கள் மதிப்பெண் அறிக்கையைச் செயலாளரிடம் நேரில் தரவும். நோயாளி விவரம் ஓர் எழுத்துகூட அதில் இருக்கக் கூடாது; ஹிப்பா மீறல் என்று சொல்லி உங்களையே வெளியே அனுப்ப நிர்வாகம் தயங்காது.