நட்ட கன்று ஏன் வாடுகிறது?

நட்ட மரத்தில் மனிதனோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாமும் ஆசையோடு நடுகிறோம். ஒரு வாரத்தில் கன்று வாடிவிடுகிறது. "தண்ணீர் ஊற்றினோமே!" என்கிறோம்.

நீரை உறிஞ்சுவது தடித்த வேரல்ல. வேர் நுனிகளை அடுத்துப் பஞ்சு போலிருக்கும் வேர்மயிர்களே. கன்றைப் பிடுங்கும்போது அறுந்துபோவதும் அவைதாம். இலைகளோ இதை அறியா. வேர் எடுக்கும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் ஆவியுயிர்ப்பால் வெளியே போய்விடுகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சூரியகாந்தியைத் தொட்டியோடு நிறுத்துப் பார்த்தார். பகல் 12 மணி நேரத்தில் அது அரைக் கிலோவுக்கும் அதிகமான நீரை இழந்ததை 1727இல் வெளியிட்டார். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்தக் குடும்பம்தான் தாங்கும்?

ஆகவே, அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் நடுங்கள். வேரோடு ஒட்டிய மண் உதிர வேண்டாம். அகன்ற இலைகளிற் சிலவற்றைப் பாதியாக நறுக்கி, சில நாட்களுக்குக் கிடுகால் நிழல் கட்டுங்கள். இரக்கப்பட்டு இரசாயனப் பசளையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்! மண்ணில் உப்பு மிகுந்தால் வேருக்குள் இருக்கும் நீரும் வெளியேறிவிடும். பசளையெல்லாம் புதுத் தளிர் விட்ட பிறகுதான்.