'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

சொற்களுக்குப் பொருள் சொல்லி ஊதியம் பெறுபவன் நான். ஆயினும் சென்ற ஆண்டு ஒரு சொல்லின் முன் செய்வதறியாது நின்றேன். என் மனைவிக்குச் சில மாதங்களாகவே விரல் மூட்டுகளில் வலி, ஓயாத அயர்ச்சி. மருத்துவர் எழுதித்தந்த இரத்தப் பரிசோதனைகளின் நீண்ட பட்டியலில் ஏ.என்.ஏ. என்பதும் ஒன்று. மாலையில் கைபேசிக்கு வந்த அறிக்கையில் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கிள்டு' என்றிருந்தது. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றிரவு இணையத்தைத் துழாவி லூபஸ் என்ற நோயின் பெயரையும், அது சிறுநீரகத்தைக்கூடத் தாக்கும் என்பதையும் படித்துவிட்டோம். விளக்கணைத்த பின் அவள் கேட்டாள்: "நம்ம பொண்ணுக்கும் இது வருமாங்க?"

பிறகு நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளில் சில, சொந்த உயிரணுக்களின் உட்கருவையே பகையாகக் கொள்வதுண்டு. அவை இரத்தத்தில் உள்ளனவா என்று பார்ப்பதே இந்த ஆய்வு. கண்ணாடித் தகட்டில் உள்ள மனித உயிரணுக்களின்மேல் நோயாளியின் இரத்தத் தெளிநீரை இட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தெளிநீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் ஒளி தெரிந்தது என்பதே 1:80. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஸ்பெக்கிள்டு. மங்கலான ஒளியை உண்டென்பதா இல்லையென்பதா என்பது பெரும்பாலும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. ஆகவே ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறலாம்.

பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நோயற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. நூறு பேரில் ஏறக்குறைய 32 பேருக்கு 1:40 அளவிலும், 13 பேருக்கு 1:80 அளவிலும், 5 பேருக்கு 1:160 அளவிலும் 'பாசிட்டிவ்' வந்தது. பெண்களுக்கும் வயது ஏறியவர்களுக்கும் இது கூடுதலாக வரும். தைராய்டுக் கோளாறு, சில தொற்றுகள், காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் போன்ற மருந்துகள் ஆகியவற்றாலும் வரும். ஆயிரம் பேரைச் சோதித்தால் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இச்சொல் அச்சாகும். அவர்களுள் லூபஸ் உள்ளவர் ஒருவரோ இருவரோ இருந்தாலே மிகுதி. 2019இல் வகுக்கப்பட்ட லூபஸ் வரையறையும் 1:80ஐத் தொடக்க நிபந்தனையாக மட்டுமே கொள்கிறது. அதன்மேல் உடலில் காணும் குறிகளும் பிற சோதனைகளும் சேர்ந்தாக வேண்டும்.

அப்படியானால் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடலாமா? அதுவும் தவறு. அமெரிக்கப் படையினரின் சேமிக்கப்பட்ட பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. பின்னாளில் லூபஸ் கண்ட 130 பேரில் 115 பேருக்கு, நோய் உறுதியாகும் முன்னரே இத்தகைய ஆன்டிபாடிகள் இரத்தத்தில் இருந்தன. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே.

நாங்கள் சென்று கண்ட மூட்டுவாத நிபுணர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளையே கேட்டார். வெயிலில் முகம் தடிக்கிறதா? வாயில் புண் வருகிறதா? குளிரில் விரல் வெளுக்கிறதா? முடி கொத்தாக உதிர்கிறதா? காலையில் மூட்டு எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது? சிறுநீரையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சோதித்தார். பின்னர், "இப்போதைக்கு நோய் இல்லைம்மா. இனி வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். இன்னின்ன தெரிஞ்சா உடனே வாங்க. இந்தப் பரிசோதனையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யாதீங்க" என்றார். மகளைப் பற்றியும் கேட்டோம். இந்த ஒரு முடிவை வைத்து அவளைச் சோதிக்க வேண்டியதில்லை என்றார்.

அவர் எங்களுக்கு உறுதி எதையும் தரவில்லை. இருந்தும் அன்றிரவு அவள் உறங்கினாள். உறுதியின்மையை ஒருவர் நேரே நோக்கி, நம் மொழியில், அளவோடு எடுத்துச் சொன்னதே அதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் ஐயத்துக்குரிய இடங்களில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்து, முன்பின் வரிகளை நோக்கிப் பொருள் கொள்ளும் பொறுப்பைக் கற்றவருக்கு விட்டார்கள். ஆய்வக அறிக்கையோ தனித்த ஒரு சொல்லை, முன்னும் பின்னும் இன்றி, நள்ளிரவில் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிடுகிறது.

கேள்விகள் கேட்காமல் இந்தப் பரிசோதனையை எழுதித்தரக் கூடாது. மூட்டுவலித் தொகுப்பு என்ற பெயரில் இதைச் சேர்த்து விற்கவும் கூடாது. 'இம்முடிவு நலமுள்ள பலருக்கும் வரும். நோயறிகுறிகளோடு சேர்த்தே பொருள் கொள்ளவேண்டும்' என்று தமிழில் இரண்டு வரி அச்சிட ஆய்வகங்களுக்கு என்ன செலவாகிவிடும்?

அறிக்கை இப்போதும் எங்கள் வீட்டுக் கோப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனைக்குப் போய்வருகிறோம். இடைப்பட்ட நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.