அமெரிக்க இடைக்காலத் தேர்தல்: வாக்காளர்களின் விரக்தி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க அதிபர் தேர்தலை உலகமே உற்றுக் கவனிக்கிறது. ஆனால் அது முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து நடக்கும் இடைக்காலத் தேர்தலை, அமெரிக்க வாக்காளர்களிலேயே பாதிப்பேர் வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை.

2020ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில், தகுதி பெற்ற வாக்காளர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தனர். 2022ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலில் இது சுமார் 46 சதவீதமாகக் குறைந்தது. 2014இல் 36 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிற்குப் பிறகு பதிவான மிகக் குறைந்த அளவு அது. 2018இல் பாதிப்பேர் வாக்களித்ததே, ஒரு நூற்றாண்டில் காணாத எழுச்சியாகக் கருதப்பட்டது.

இதை வெறும் அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. வாக்களித்தாலும் எதுவும் மாறுவதில்லை என்ற எண்ணம் இரு பெரும் கட்சிகளின் ஆதரவாளர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்துக்குக் காரணங்கள் இல்லாமலும் இல்லை.

தண்டிக்கும் வாக்கு

இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், 100 பேர் கொண்ட செனட் சபையின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் வாக்களிப்பு நடக்கிறது. 50 மாநிலங்களில் 36 மாநிலங்கள் ஆளுநரையும் அப்போதே தேர்ந்தெடுக்கின்றன. ஆளுநர் அங்கே நியமனப் பதவியல்ல. மாநில அரசின் தலைமைப் பதவி.

அதிபரின் பெயர் வாக்குச்சீட்டில் இருப்பதில்லை. ஆயினும் தீர்ப்பு பெரும்பாலும் அவர் மீதே விழுகிறது. 1934ஆம் ஆண்டிற்குப் பிறகு நடந்த இடைக்காலத் தேர்தல்களில், 1998, 2002 ஆகிய இரு ஆண்டுகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழந்திருக்கிறது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. 2006ஆம் ஆண்டில் இராக் போர் மீதான அதிருப்தி, ஜனநாயகக் கட்சியை இரு அவைகளிலும் பெரும்பான்மைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டே மாதங்களில், 2007 ஜனவரியில், மேலும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான துருப்புக்களை இராக்குக்கு அனுப்புவதாக அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார். படைகளைத் திரும்பக் கொணர வேண்டும் என்று வாக்களித்தவர்கள், கூடுதல் படைகள் புறப்படுவதையே கண்டனர்.

மறுதரப்பின் அனுபவமும் இதுதான். அதிபர் பராக் ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின் மீதிருந்த கோபத்தால், 2010இல் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. குடியரசுக் கட்சி அச்சட்டத்தை ரத்துச் செய்யப் பல முறை முயன்றது. வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் அதன் வசமிருந்த 2017ஆம் ஆண்டில்கூட, செனட் சபையில் அம்முயற்சி 49க்கு 51 என்ற வாக்குகளில் தோற்றது.

அமெரிக்க அரசியல் சாசனம் அதிகாரத்தைத் திட்டமிட்டே பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. செனட் சபையின் நடைமுறை விதிகளோ, பெரும்பாலான சட்டமூலங்கள் இறுதி வாக்கெடுப்புக்கு வருவதற்கே 60 உறுப்பினர்களின் ஆதரவைக் கோருகின்றன. இதனால் இடைக்காலத் தேர்தலில் வாக்காளர் பெறுவது ஓர் அரசைத் தடுக்கும் வலிமை. ஓர் அரசை இன்ன வழியில் நடத்தும் வலிமை அன்று.

தடுப்பு முற்றும்போது அரசே முடங்குகிறது. எல்லைச் சுவருக்கான நிதி குறித்த தகராறில், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை மத்திய அரசின் பல துறைகள் 35 நாட்கள் மூடப்பட்டன. 2025இல் ஏற்பட்ட முடக்கம் 43 நாட்கள் நீடித்து அந்தச் சாதனையையும் முறியடித்தது.

கோடுகளின் அரசியல்

விரக்திக்கு இன்னொரு ஊற்று தொகுதி எல்லைகள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகள் மறுவரையறை செய்யப்படுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அக்கோடுகளை வரைபவர்கள், அங்கே பெரும்பான்மை பெற்றிருக்கும் அரசியல்வாதிகளே.

2010 தேர்தலில் பல மாநிலச் சட்டமன்றங்களைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சி, அடுத்த ஆண்டில் தனக்கு உகந்த எல்லைகளை வகுத்தது. 2012இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் கூடுதல் வாக்குகள் பெற்றனர். ஆனால் 18 இடங்களில் 13 குடியரசுக் கட்சிக்குச் சென்றன. தான் பலமாக இருந்த மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியும் இதே வித்தையைக் காட்டி, எட்டு இடங்களில் ஏழைத் தன்வசமாக்கிக்கொண்டது.

இத்தகைய கட்சிசார்ந்த எல்லை வகுப்பு மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விவகாரமல்ல என்று, 2019இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2025இல் கணக்கெடுப்புக்குக் காத்திராமலேயே டெக்சாஸ் மாநிலம், குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் கிடைக்கும் நோக்கில் எல்லைகளை மாற்றியது. அதற்குப் பதிலடியாகக் கலிபோர்னியா, தன் வாக்காளர்களே முன்னர் அமைத்த சுயேச்சைக் குழு வகுத்த எல்லைகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க, 2025 நவம்பரில் வாக்காளர்களிடமே ஒப்புதல் பெற்றது.

ஒரு கட்சிக்கே உறுதியாகிவிட்ட தொகுதியில் நவம்பர் வாக்களிப்பு சடங்காகிவிடுகிறது. உண்மையான போட்டி, சில மாதங்கள் முன்பு வேட்பாளரைத் தெரிவு செய்ய நடக்கும் உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடுகிறது. அதில் பங்கேற்போர் மிகச் சிலர்.

2014இல் வர்ஜீனியாவில், பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான எரிக் கேண்டர், அதிகம் அறியப்படாத பேராசிரியர் ஒருவரிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். அதில் பதிவானவை சுமார் 65 ஆயிரம் வாக்குகளே. 2018இல் நியூயார்க்கில், ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜோ கிரவுலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் தோற்கடித்தார். ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் வாழும் அத்தொகுதியின் முடிவைத் தீர்மானித்தவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். எதிர்க்கட்சியோடு சமரசம் செய்தால் தன் கட்சியினரே தன்னை வீழ்த்தக்கூடும் என்ற அச்சம் உறுப்பினர்களிடம் நிலவுவதற்கு இதுவே அடிப்படை.

ஒதுங்கியதன் விலை

இவ்வளவையும் பார்த்த வாக்காளர் ஒதுங்கிக்கொள்வது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அப்படி ஒதுங்குவதற்கும் விளைவு உண்டு என்பதற்கு 2014ஆம் ஆண்டே சான்று.

மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்காத அத்தேர்தலில், செனட் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு மாறியது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியா காலமானபோது, அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டின் நியமனம் பற்றி விசாரிக்கவே அந்த செனட் சபை மறுத்தது. மறு ஆண்டு அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் தெரிவான நீல் கோர்சச் அந்த இடத்தில் அமர்ந்தார். கருக்கலைப்புக்கு அரை நூற்றாண்டு காலம் இருந்துவந்த அரசியல் சாசனப் பாதுகாப்பை, 2022 ஜூனில் முழுமையாக நீக்க இணங்கிய ஐந்து நீதிபதிகளில் அவரும் ஒருவர்.

அந்தத் தீர்ப்பை வரவேற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. எத்தரப்பினரானாலும், எட்டு ஆண்டுகள் முன்பு ஆரவாரமின்றி நடந்து முடிந்த ஓர் இடைக்காலத் தேர்தலுக்கு அதில் பங்கிருந்தது என்பதை மறுக்க இயலாது.

வாக்குரிமை இல்லாதவர்கள்

வாக்களிக்கும் உரிமையே இல்லாமல் இந்த இழுபறியின் பலனை அனுபவிப்பவர்களும் இருக்கிறார்கள். தொழில் விசாவில் சென்று நிரந்தரக் குடியுரிமை அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியர்கள், அவர்களிடையே உள்ள தமிழர்கள், இதற்கு உதாரணம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடைக்கக் கூடாது என்ற வரம்பே அவர்களது நீண்ட வரிசைக்குக் காரணம்.

வேலைவாய்ப்பு வழி அட்டைகளுக்கு இந்த வரம்பை அகற்றும் மசோதா, 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இரு கட்சியினரும் இப்படிச் சேர்ந்து வாக்களிப்பது அரிது. செனட் சபை 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை ஏற்றது. இரண்டும் ஒன்றுபடுவதற்குள் அந்தக் காங்கிரசின் காலம் முடிந்து, மசோதாவும் காலாவதியானது. ஏறக்குறைய அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம்கூடச் சட்டமாகாத நிலை இது.

மாற்றத்தின் எல்லை

எனினும் வாக்குச்சீட்டால் விதிகளையே மாற்றிய நிகழ்வுகளும் இடைக்காலத் தேர்தல்களில் உண்டு. 2018இல் மிச்சிகன் வாக்காளர்களில் சுமார் 61 சதவீதத்தினர், எல்லை வகுக்கும் பொறுப்பை அரசியல்வாதிகளிடமிருந்து பறித்து, குடிமக்கள் குழுவிடம் ஒப்படைத்தனர். புதிய எல்லைகளின்படி நடந்த 2022 தேர்தலில், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மை கைமாறியது.

அதே 2018இல் புளோரிடா வாக்காளர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர், தண்டனை முடித்த பெரும்பாலான கைதிகளுக்கு வாக்குரிமையைத் திருப்பித்தர ஒப்புதல் அளித்தனர். மறு ஆண்டே, நீதிமன்ற அபராதங்களையும் கட்டணங்களையும் செலுத்தி முடித்தால்தான் அந்த உரிமை கிட்டும் என்று மாநிலச் சட்டமன்றம் விதித்தது. மக்கள் கொடுத்ததைப் பிரதிநிதிகள் சுருக்கினர்.

இந்த இரு மாநிலங்களின் அனுபவம், வாக்காளரின் விரக்தி நியாயமானது என்பதையும், அதற்கு ஒதுங்கல் மருந்தாகாது என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு யார் செல்வது, தொகுதிக் கோடுகளை யார் வரைவது, வேட்பாளர் யார் என்பன போன்ற கேள்விகளுக்கு, மிகக் குறைவானோர் வாக்களிக்கும் தேர்தல்களிலேயே விடை எழுதப்படுகிறது. அமெரிக்க அரசியலின் மீது அதிக வெறுப்புக் கொண்டவர்கள் அங்கே வராமல் போவது, அவர்கள் வெறுக்கும் அந்த நிலைமை தொடர்வதற்கே வழிசெய்கிறது.